ஷிஃப்ட் டிரெஸ் தைக்கச் சொன்னேன், நைட்டி வந்திருக்கிறது

சிட்டு_கோவை (திங்கள், இரவு 9.42)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை சமையல் பகுதியில்தான் எழுதியிருக்கிறேன், இந்தப் பக்கம் வருவது முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 43. உயரம் 5 அடி 2 அங்குலம், மார்பு 38, ஹிப் 42. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு வயிறு கொஞ்சம் முன்னால் நிற்கும். ஆபீசுக்குச் சேலை, இல்லாவிட்டால் குர்த்தி லெகிங்ஸ், இருபது வருடமாக இதே கதைதான். போன மாதம் பெங்களூரிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய உடம்பு. கருநீலத்தில் முட்டி வரைக்கும் நேராக ஒரு டிரெஸ். பெல்ட் இல்லை, சுருக்கம் இல்லை, எம்பிராய்டரி இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் அவ்வளவு எடுப்பாக இருந்தது. ஷிஃப்ட் டிரெஸ் என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

பாட்டில் பச்சையில் மங்களகிரி காட்டன் இரண்டரை மீட்டர் வாங்கி, பத்து வருடமாக என் ஜாக்கெட்டுகளைத் தைக்கும் டெய்லர் அண்ணனிடம் கொடுத்தேன். ஜாக்கெட்டில் அவர் கை வைத்தால் ஒரு நூல் பிசகாது. இதில் பிசகிவிட்டது.

போட்டுப் பார்த்தேன். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி "நைட்டி புதுசா?" என்றார். அதுகூடப் பரவாயில்லை. வாசலில் காய்க்காரம்மா குரல் கொடுக்க, நான் அப்படியே கிளம்பினேன். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் ஆபீசில் ஆண்டு விழா, அதற்குத்தான் இது. என் உடம்புக்கு ஷிஃப்ட் ஒத்துவராதா, துணி தப்பா, தையல் தப்பா? துணி இன்னும் அரை மீட்டர் சொச்சம் மிச்சம் இருக்கிறது.

ரோஜாப்பூ77 (திங்கள், இரவு 10.05)

துண்டு விஷயத்தைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் சிட்டு. ஒரு பெல்ட் கட்டுங்கள், சரியாகிவிடும். என் நாத்தனார் அப்படித்தான் போடுவாள்.

வித்யா_அடையாறு (திங்கள், இரவு 10.31)

ரோஜா, பெல்ட் மட்டும் வேண்டாம். லூசான காட்டனை நடுவில் கட்டினால் மேலே ஒரு பை, கீழே ஒரு பை என்று அரிசி மூட்டையைக் கயிற்றால் கட்டிய மாதிரி இருக்கும். வயிறு மறையாது, அங்கே ஒரு கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். இடுப்பைத் தொடாமல் விழுவதுதான் ஷிஃப்ட். டாட் (வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துப் பிடிக்கிற தையல்) பிடித்து இடுப்பில் ஒட்டி நிற்பதற்கு ஷீத் என்று வேறு பெயர். கடைகளில் இரண்டையும் குழப்பிப் போட்டிருப்பார்கள்.

சிட்டு, கண்ணாடி முன்னால் நின்று பார்த்துச் சொல்லுங்கள். தோள் தையல் எங்கே உட்காருகிறது? மார்பில் டாட் இருக்கிறதா? கழுத்து எவ்வளவு அகலம்? மொத்த நீளம் என்ன? பாக்கெட் இருக்கிறதா? (கடைசிக் கேள்வி என் சொந்த ஆர்வம். பாக்கெட் இல்லாத டிரெஸ் எனக்கு டிரெஸ்ஸே இல்லை.)

சிட்டு_கோவை (செவ்வாய், காலை 6.50)

டேப் வைத்து அளந்தேன். தோள் தையல் இரண்டு பக்கமும் ஒன்றேகால் அங்குலம் கையில் இறங்கி நிற்கிறது. டாட் கிடையாது. கழுத்து அகலம், நடந்தால் ஒரு பக்கம் சரிகிறது, உள்ளே இருக்கும் ஸ்ட்ராப் தெரிகிறது. நீளம் 42 அங்குலம், கெண்டைக்காலையும் தாண்டிவிட்டது. பார்டர் கீழே வரட்டும் என்று துணியின் அகலத்தை நீளவாக்கில் வைத்து வெட்டினாராம். மார்பிலும் 46, ஹிப்பிலும் 46, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு. "ஹிப் 42 இருக்கே கண்ணு, அதோட நாலு சேர்த்து வெச்சுட்டேன், பிடிக்காது" என்றார். பாக்கெட் இல்லை.

கட்டிங்மாஸ்டர் (செவ்வாய், மதியம் 1.15)

வணக்கம்மா. திருப்பூரில் 26 வருடமாகக் கட்டிங், பேட்டர்ன் வேலை. எக்ஸ்போர்ட்டுக்கு இந்த ஷிஃப்ட் ரகம் நிறைய ஓட்டியிருக்கிறோம். உங்கள் டெய்லரை நான் குறை சொல்ல மாட்டேன். ஜாக்கெட் டெய்லருக்கு உடம்போடு ஒட்டித் தைத்துத்தான் பழக்கம். லூசாக என்று சொன்னதும் எல்லா இடத்திலும் லூஸ் விட்டுவிட்டார். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஷிஃப்ட்டில் எல்லா இடமும் லூஸ் கிடையாது. தோளும் கைக்குழியும் சட்டை மாதிரி கச்சிதமாக உட்கார வேண்டும். அதற்குக் கீழேதான் லூஸ்.

ஹேங்கரில் சட்டையை மாட்டினால் எப்படித் தொங்குகிறது? ஹேங்கர் அகலம் சரியாக இருந்தால் நேராக விழும். பெரிய சட்டையைச் சின்ன ஹேங்கரில் மாட்டினால் தொய்ந்துபோகும். இந்த டிரெஸ்ஸுக்கு இடுப்பில் பிடிமானம் இல்லை, பாவாடை நாடா மாதிரியும் ஒன்று கிடையாது. மொத்த எடையும் உங்கள் தோளில்தான் தொங்குகிறது. தோள் ஒன்றேகால் அங்குலம் இறங்கினால் மற்றதெல்லாம் தானாக நைட்டி ஆகிவிடும்.

இரண்டாவது, டாட். மார்பு 38 இருக்கிற உடம்புக்கு டாட் இல்லாமல் வெட்டினால் முன்பக்கத் துணி மார்பின் மேல் ஏறி அங்கிருந்து கூடாரமாக விழும். முன் ஓரம் தூக்கும், பின் ஓரம் தாழும். பக்கவாட்டில் கைக்குழியை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு இழுக்கும். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பாருங்கள், அந்த மடிப்பு இருக்கும். பக்கத் தையலிலிருந்து மார்பை நோக்கி ஒரு டாட் பிடித்தால் அது போய்விடும். டாட் முனை மார்பின் உச்சிவரை போகக் கூடாது, ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். உச்சியைத் தொட்டால் கூம்பு மாதிரி தூக்கி அசிங்கமாக இருக்கும்.

மூன்றாவது, கைக்குழி. ஆழமாக வெட்டினால் கை வசதியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நிஜத்தில் தலைகீழ். கைக்குழி தாழ்ந்தால் கையைத் தூக்கும்போது டிரெஸ் முழுவதும் கூடவே ஏறும். அக்குளை ஒட்டி மேலே இருந்தால்தான் டிரெஸ் நகராமல் கை மட்டும் அசையும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும்.

உங்கள் அளவுக்கு: மார்பு 38க்குத் தைத்து முடித்த சுற்று 41½ போதும். ஹிப் 42க்கு 45. வித்தியாசம் மூன்றரை அங்குலம். அதை முன்னும் பின்னும் இரண்டு பக்கமுமாக நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு ஓரத்திலும் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு சாய்வுதான், கண்ணுக்கே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு நேர்கோடு மாதிரியே இருக்கும், உடம்புக்கு மட்டும் தெரியும்.

நல்ல சேதி: துணி பெரிதாக இருக்கிறது. பெரிதைச் சின்னதாக்கலாம். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், இப்போது லோடு ஏற்ற வேண்டும்.

நூல்கண்டு (செவ்வாய், இரவு 8.20)

"பார்க்கிறவர்களுக்கு நேர்கோடு, உடம்புக்கு மட்டும் தெரியும்." மாஸ்டர், இதைத்தான் ஈவ் சான் லொரான் என்ற ஃபேஷன் டிசைனர் 1965இல் பாரிஸில் செய்துகாட்டினார். டச்சு ஓவியர் மோந்திரியானின் ஓவியங்களை வைத்துத் தைத்த டிரெஸ். வெள்ளைக் கட்டங்கள், கறுப்புப் பட்டைகள், நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள். பார்த்தால் ஒரு பலகையை எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி தட்டையாக இருக்கும். கம்பளி ஜெர்சித் துணியைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து, உடம்புக்கு வேண்டிய வளைவை எல்லாம் அந்த ஒட்டுத் தையல்களுக்குள் ஒளித்துவிட்டார். தட்டையாகத் தெரியவைக்கத்தான் அத்தனை பாடு.

சிட்டு, கேலிக்கு எல்லாம் மனம் விடாதீர்கள். 1947இல் டியோர் என்ற பாரிஸ் டிசைனர் இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்துவிட்டார், பத்து வருடம் அதுதான் அழகு என்று ஆகிப்போனது. 1957இல் பலென்சியாகா, ஜிவான்ஷி என்ற இரண்டு டிசைனர்களும் இடுப்பே இல்லாத டிரெஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஊர் வைத்த பெயர் என்ன தெரியுமா? சாக்கு. உங்கள் வீட்டில் நைட்டி என்றுதானே சொன்னார்கள்.

ரோஜாப்பூ77 (செவ்வாய், இரவு 8.44)

வரலாறு இருக்கட்டும் நூல்கண்டு. 43 வயதில் முட்டி தெரிய ஆபீஸ் விழாவுக்குப் போவதா? கோவை ஆபீஸ் அம்மா அது, பாரிஸ் இல்லை. லெகிங்ஸ் போட்டுக்கொள்ளட்டும்.

வித்யா_அடையாறு (செவ்வாய், இரவு 9.10)

லெகிங்ஸ் போட்டால் அது குர்த்தி. அதில் தப்பில்லை, ஆனால் குர்த்திதான் வேண்டுமென்றால் சிட்டு இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாமே? தவிர, குர்த்திக்குப் பக்கவாட்டில் வெட்டு இருக்கும், அதனால் நடக்கும்போது ஒட்டாது. ஷிஃப்ட்டில் பக்க வெட்டு கிடையாது. காட்டனும் காட்டன் லெகிங்ஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, படி ஏறுவதற்குள் டிரெஸ் தொடைக்கு ஏறிவிடும். அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு கையில் பை, ஒரு கையில் டிரெஸ்ஸைக் கீழே இழுத்துக்கொண்டே ஏறினேன்.

பொன்மலை_பாட்டி (புதன், காலை 5.30)

பிள்ளைகளா, இதற்குப் பெயர் கவுன். நீங்கள் இப்போது கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறீர்கள்.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். எங்கள் வரிசையில் பாதி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். எதிர் வீட்டு ஆன்ட்டி ஸ்கூல் டீச்சர், எடை எழுபதுக்குக் குறையாது. ஐம்பது வயதிலும் முட்டிக்குக் கீழே ஒரு விரற்கடை நிற்கிற கவுன்தான் போடுவார்கள். அசிங்கமாக ஒரு நாளும் இருந்ததில்லை. தானே கைமெஷினில் தைத்துக்கொள்வார்கள். தைத்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் ஏற்றி, "தோள் எலும்பு முடிகிற இடத்தில் பின் குத்தியிருக்கிறதா பார்" என்பார்கள். அந்த எலும்பு முனையை விரலால் தடவிக் காட்டிக்கொடுத்தது அவர்தான். தையல் அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது.

நீளத்துக்கு அவர்கள் வைத்திருந்த கணக்கு: கால் எங்கே மெலிகிறதோ அங்கே ஓரம் நிற்க வேண்டும். முட்டிக்குச் சற்று மேலே மெலியும், முட்டிக்குக் கீழே மறுபடி மெலியும். கெண்டைச் சதையின் நடுவில் வெட்டினால் கால் குட்டையாகவும் தூண் மாதிரியும் தெரியும். சிட்டு 42 அங்குலத்தில் நிறுத்தியிருப்பது சதையும் தாண்டி, அதுதான் நைட்டி நீளம். அப்புறம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுவார்கள். நிற்கும்போது சரியாக இருக்கிறது என்று தைத்தால், உட்கார்ந்தால் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். மேடையில் முன் வரிசையில் உட்காரப் போகிறவளுக்கு இது முக்கியம்.

ரோஜா சொல்கிற கூச்சம் எனக்கும் புரிகிறது. முட்டிக்கு ஒன்றரை அங்குலம் கீழே வை, போதும்.

சிட்டு_கோவை (புதன், காலை 8.15)

பாட்டிம்மா, படித்ததும் தோள் எலும்பைத் தடவிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த முனை எங்கே என்றே எனக்குத் தெரியாது. மாஸ்டர் சொன்ன சாய்வு மடிப்பும் இருக்கிறது, இரண்டு பக்கமும்.

கட்டிங்மாஸ்டர் (புதன், மதியம் 2.40)

சரிம்மா, திருத்துவதற்கு வருவோம். டெய்லரிடம் காட்டுங்கள், அவருக்குப் புரியும்.

முதலில் இரண்டு கையையும் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கத் தையலையும் பிரிக்க வேண்டும். தோளை எலும்பு முனை வரைக்கும் குறைத்துக் குறியுங்கள். தோள் தையலை அரை அங்குலம் ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் கழுத்தும் கைக்குழியும் சேர்ந்து மேலே ஏறும், கழுத்து கொஞ்சம் குறுகும். அதற்கு அப்புறம் கைக்குழியை உங்களுக்கு நன்றாக உட்காருகிற ஒரு குர்த்தியை மேலே வைத்து வரைந்து வெட்டட்டும். டேப் அளவைவிட அந்தக் குர்த்தி உண்மை சொல்லும். பக்கத்தில் மார்புக்கு 41½, ஹிப்புக்கு 45. டாட்டில் ஒரு அங்குலம் பிடித்தால் முன் துண்டின் பக்க ஓரம் அந்த ஒரு அங்குலம் குறையும். பயப்பட வேண்டாம், எப்படியும் நீளத்தை வெட்டப்போகிறோம், அப்போது சமப்படுத்திக்கொள்ளலாம். கை அகலமும் குறைய வேண்டும். முழங்கைக்கு மேல் முடிகிற கை, கையின் சுற்றோடு இரண்டு அங்குலம் மட்டும் லூஸ்.

கழுத்து இன்னும் அகலமாக இருந்தால் மிச்சத் துணியில் கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை) வெட்டி முக்கால் அங்குலப் பட்டை வைக்கலாம். பார்டரை வெட்டிக் கழுத்துக்கு வைக்கலாமா என்று கேட்பார், விடாதீர்கள். பார்டர் நேர் துணி, வளைவில் போட்டால் சுருங்கித் தூக்கும். கை ஓரத்தில் வைக்கலாம், அங்கே நேர்கோடுதான்.

துணியை அகலவாக்கில் போட்டதில் இன்னொரு விஷயம். பாவு நூல் (துணியின் நீளத்தில் ஓடுவது) மேலிருந்து கீழே ஓடினால்தான் துணி தளர்ந்து விழும். இங்கே ஊடை (அகலத்தில் ஓடும் நூல்) மேலிருந்து கீழே ஓடுகிறது, கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அதை இப்போது மாற்ற முடியாது. அடுத்த தடவை பார்டருக்கு ஆசைப்படாமல் நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள்.

துணியை நனைத்தீர்களா? கைத்தறிக் காட்டன் முதல் சலவையில் சுருங்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால், பிரித்துத் தைப்பதற்கு முன்னால் இப்போதாவது நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக் கொடுங்கள்.

ஸ்கார்பரோ_சுபா (புதன், இரவு 11.50)

நாங்கள் இதை வெறும் சட்டை என்றுதான் சொல்லுவோம். யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவும் வீட்டிலே சட்டைதான், கனடாவில் நானும் வேலைக்குச் சட்டைதான்.

இங்கே குளிருக்கு நான் போண்டே என்கிற தடித்த பின்னல் துணியில் கறுப்பாக நாலு ஷிஃப்ட் வைத்திருக்கிறேன். தடித்த டைட்ஸ், முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ், மேலே திறந்த கார்டிகன். அந்தத் திறந்த கார்டிகன்தான் சூத்திரம். முன்னுக்கு இரண்டு பக்கமும் நெடுக்குக் கோடு விழும், நடுவில் சட்டை ஒரு ஒடுக்கமான பட்டையாய்த் தெரியும், வயிறு எங்கே என்று தேட வேண்டும். பொத்தான் பூட்டக் கூடாது. கோவையில் ஏசி ஹோலில் விழா என்றால் மெல்லிய லினன் ஷ்ரக் (முன்பக்கம் திறந்த மேலங்கி) ஒன்று அதே வேலையைச் செய்யும். நீளம் சட்டையை விட நன்றாகக் குறைவாக இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தால் ஆளைக் கட்டையாகக் காட்டும்.

நிலா_திருச்சி (வியாழன், காலை 10.02)

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஆன்லைனில் ரெடிமேடாக வாங்கினால் எதைப் பார்ப்பது? இரண்டு தடவை வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்று வயிற்றில் ஒட்டியது, ஒன்று துவண்டு விழுந்தது.

கட்டிங்மாஸ்டர் (வியாழன், மதியம் 1.30)

பனியன் துணியாக இருந்தால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) போட்டிருக்கிறார்களா பாருங்கள். 160, 180 என்பது டீ ஷர்ட் கனம். அதில் ஷிஃப்ட் தைத்தால் உள்ளாடைக் கோடு வரைக்கும் எல்லாம் தெரியும். 280க்கு மேல் உள்ள போண்டே மாதிரி கனமான துணிதான் உடம்பைத் தொடாமல் தானாக நிற்கும். நெய்த துணியில் ரேயான் துவளும், உங்களுடைய இரண்டாவது அதுதான் என்று நினைக்கிறேன். லினன், கொஞ்சம் கனமான காட்டன், கிரேப் இவை நல்லது. அளவுப் பட்டியலில் தோள் அகலம் போட்டிருந்தால் அதை வைத்து சைஸ் எடுங்கள். போடாத கடையில் வாங்காதீர்கள். பெரிய சைஸ் எடுத்தால் மறைக்கும் என்று நினைத்து ஏறிப் போகாதீர்கள், தோள்தான் விழும்.

நூல்கண்டு (வியாழன், மாலை 6.15)

பிரிண்ட் பற்றி ஒரு வார்த்தை, நிலா. அமெரிக்காவில் ஃபுளோரிடா பாம் பீச்சில் லில்லி புலிட்சர் என்ற பெண்மணி பழச்சாறுக் கடை வைத்திருந்தார். கணவருக்கு ஆரஞ்சுத் தோட்டங்கள். சாறு தெறித்துத் தெறித்து உடுப்பெல்லாம் கறை. கறை தெரியக் கூடாதென்று பளிச்சென்ற பூப்போட்ட காட்டனில் கையில்லாத ஷிஃப்ட் தைத்துப் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் சாற்றை விட்டுவிட்டு உடுப்பைக் கேட்க ஆரம்பித்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினும் போட்டார், அப்புறம் கேட்க வேண்டுமா.

சாற்றுக் கறையை மறைக்கிற பிரிண்ட், தொப்பையின் நிழலையும் மறைக்கும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று வெளிச்சம் கண்ணுக்குக் காட்ட விடாது. நம் ஊரில் கலம்காரி அதே வேலையைச் செய்கிறது. ஆனால் பெரிய பூவோ மயிலோ உள்ள துணி என்றால் வெட்டுவதற்கு முன்னால் அது எங்கே விழுகிறது என்று பாருங்கள். என் தோழி ஒருத்திக்கு இரண்டு மயிலும் மார்பில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டன.

வித்யா_அடையாறு (வியாழன், இரவு 9.00)

மயிலைப் படித்துக் காபி சிந்திவிட்டேன். சிட்டு, போட்டு முடித்தபிறகு என்ன சேர்ப்பது என்று கேட்கவே இல்லையே? என் கட்சியைச் சொல்கிறேன். பச்சை மங்களகிரிக்கு நெக்லஸ் வேண்டாம், உயர்ந்த கழுத்தில் தங்கச் சங்கிலி புதைந்துபோகும். பெரிய வெள்ளி ஜிமிக்கி, ஒரு கையில் மட்டும் வளையல், இன்னொரு கையில் வாட்ச். நெக்லஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் மார்புக்குக் கீழே வரைக்கும் தொங்குகிற ஒற்றைச் சரம். செருப்பு முக்கியம்: கணுக்காலைச் சுற்றி வார் கட்டுகிறது வேண்டாம், 5 அடி 2ஐ இன்னும் குறைக்கும். கோலாப்பூரி, அல்லது ஒன்றரை அங்குல பிளாக் ஹீல். மேட்சிங் துப்பட்டா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், மறுபடி துண்டு ஞாபகம் வரும்.

அப்புறம், திருத்தக் கொடுக்கும்போது விழாவுக்கு எந்த உள்ளாடை போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்ட்ராப்பை ஏற்றி இறக்கினால் மார்பின் உச்சி ஒரு அங்குலம் மாறும், டாட் இடம் தப்பிவிடும். உள்ளே காட்டன் ஷிம்மீஸ் வேண்டாம், வழுவழுப்பான சாட்டின் ஸ்லிப் போட்டால் ஒட்டாமல் விழும்.

பாக்கெட்!

கட்டிங்மாஸ்டர் (வியாழன், இரவு 9.40)

பாக்கெட் வைத்தால் போன் வைப்பீர்கள். போன் வைத்தால் ஒரு பக்கம் இழுக்கும், தோள் சரியும். இத்தனை நேரம் தோளைத்தானே சரி செய்தோம்.

வித்யா_அடையாறு (வியாழன், இரவு 9.42)

ஆண்கள் இப்படித்தான் சொல்வீர்கள் மாஸ்டர். உங்கள் சட்டையில் எத்தனை பாக்கெட்?

கட்டிங்மாஸ்டர் (வியாழன், இரவு 9.55)

ஒன்று. பேண்ட்டில் நாலு. சரி, வையுங்கள். பக்கத் தையலில் சின்னதாக.

சிட்டு_கோவை (அடுத்த வியாழன், இரவு 10.20)

ஒரு வாரம் ஆளைக் காணோமே என்று நினைத்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

நனைத்துக் காயவைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காட்டன் என்றதும் கை தானாகப் போய்விட்டது, சேலைக்குப் போடுகிற மாதிரி கஞ்சி போட்டுவிட்டேன். டெய்லர் அண்ணன் பின் குத்திப் பார்க்க மாட்டினால் அட்டைப்பெட்டிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அவரே சிரித்துவிட்டார். திரும்ப வீட்டுக்கு வந்து அலசி, காயவைத்து, மறுநாள் போனேன்.

தோள் தையலைப் பிரிக்கச் சொன்னதும் முதலில் முகம் சுருங்கியது. மாஸ்டர் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். கைக்குழி பற்றிய வரி வந்ததும் "யாரு கண்ணு எழுதுனது, வேலை தெரிஞ்ச ஆளு" என்றார். அதற்கு அப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. என் பழைய நீலக் குர்த்தியை வைத்து நியூஸ்பேப்பரில் வரைந்து, டாட்டை முதலில் கையால் இழையோட்டிப் போடவைத்துப் பார்த்து, அரை அங்குலம் தாழ்த்தி, பிறகுதான் மெஷினில் விட்டார். நீளம் 36½. பாட்டிம்மா சொன்ன ஒன்றரை அங்குலக் கணக்கு. ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தேன்.

அறையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்றேன். சாய்வு மடிப்பு இல்லை. வயிறு இருக்கிறது, எங்கே போகும்? ஆனால் துணி மார்பிலிருந்து நேராகக் கீழே இறங்குகிறது, வயிற்றில் நின்று கதை பேசவில்லை.

ரோஜாப்பூ77 (அடுத்த வியாழன், இரவு 10.31)

36½ என்றால் முட்டி தெரியாதா? மாமியார் என்ன சொன்னார்?

சிட்டு_கோவை (அடுத்த வியாழன், இரவு 10.40)

முட்டி தெரியவில்லை ரோஜா, உட்கார்ந்தால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. மாமியார் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வெட்டின பார்டரை எனக்குக் கொடு, தலையணை உறைக்கு வைக்கலாம்" என்றார். கை ஓரத்துக்குப் போக மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். துண்டு கொடியிலேயே கிடந்தது.

நூல்கண்டு (அடுத்த வியாழன், இரவு 10.58)

முட்டி பற்றிய கவலைக்கு ஒரு கதை. 1965 அக்டோபர் 30, மெல்பர்ன் ஃபிளெமிங்டன் பந்தய மைதானம். லண்டன் மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டன் வெள்ளை ஷிஃப்ட் போட்டு வந்தார், ஓரம் முட்டிக்கு மேலே நான்கு அங்குலம். தொப்பி இல்லை, கையுறை இல்லை, ஸ்டாக்கிங்ஸ் இல்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் குதித்தன. அவ்வளவு குட்டையானதற்குக் காரணம் என்ன தெரியுமா? தைக்கக் கொடுத்த துணி பற்றவில்லை. இருந்த துணிக்குத் தக்க குட்டையாகத் தைத்துவிட்டார்கள். சிட்டுவின் டெய்லருக்குத் துணி மிஞ்சிப்போனதுதான் சிக்கலே.

பொன்மலை_பாட்டி (வெள்ளி, காலை 5.25)

நல்லது கண்ணு. கழுத்து சரிகிறதா இன்னும்?

சிட்டு_கோவை (வெள்ளி, காலை 7.10)

இல்லை பாட்டிம்மா, கிராஸ் பீஸ் வைத்ததும் நின்றுவிட்டது. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். காசு கொடுக்கும்போது அண்ணன் அந்த நியூஸ்பேப்பர் கட்டிங்கை மடித்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். "இதை நான் வெச்சுக்கறேன் கண்ணு, ரெண்டு பேர் கேட்டுட்டாங்க" என்றார். திருத்தக் கூலி வாங்கவில்லை.

வித்யா_அடையாறு (வெள்ளி, காலை 7.12)

எல்லாம் சரி. பாக்கெட்?

சிட்டு_கோவை (வெள்ளி, காலை 7.20)

வைத்தார். வலது பக்கம் மட்டும். போன் நுழையவில்லை, வண்டிச் சாவி நுழைகிறது.